ஈரலை அரிக்கும் நோயும் எட்டாத சோதனையும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு தமிழர்க்குப் புதிய இடமன்று. திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த அவ்வீதியில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து வாழ்ந்து வந்திருக்கின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆயினும் நாகர்கோவிலிலிருந்து தம்பானூர் நிலையத்துக்கு வந்து இறங்குவோர் கூட்டம் குறையவில்லை. சுமை தூக்குவோர், கட்டட வேலை செய்வோர், உணவகங்களில் பணிபுரிவோர், வண்டி ஓட்டுவோர் எனப் பல திறத்தார் இன்றும் வருகின்றனர். வந்த இடத்தில் உழைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, பண்டிகைக்கு வீடு திரும்புவது அவர்தம் வாழ்க்கை.

இவ்வாறு வெளியூரில் வாழ்வோர்க்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக் கடை இருக்கிறது. கால் முறிந்தால் மருத்துவமனை இருக்கிறது. ஆனால், பிறரிடம் வாய் திறந்து சொல்ல நாணும் ஒரு பழக்கத்தினால் நோய் வந்தால் யாரிடம் செல்வது? அத்தகைய நோய் ஒன்றைப் பற்றியும், அதனைக் கண்டறியும் சோதனை ஏன் வேண்டியவர் கைக்கு எட்டாமல் நிற்கிறது என்பதைப் பற்றியும் நாம் இங்கே சிறிது ஆராய்வோம். பொருள் இனிமையானதன்று, ஆயினும் பேசாமல் விடுவதால் உயிர்கள் போகின்றன.

நோயின் பெயர் சி வகை ஈரல் அழற்சி. மருத்துவர் இதனை ஹெபடைடிஸ் சி என்பர். ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகளுள் ஏ, பி என்னும் இரண்டு முன்னரே அறியப்பட்டிருந்தன. ஆனால் 1970ஆம் ஆண்டுகளில், பிறருடைய இரத்தத்தை ஏற்றிக்கொண்ட நோயாளிகள் பலருக்கு இவ்விரண்டுமல்லாத ஓர் ஈரல் நோய் வருவதை அமெரிக்க அறிஞர் ஹார்வி ஆல்ட்டரும் அவருடைய துணைவரும் கண்டனர். அதற்குப் பெயரிட வழியில்லாமல், ‘ஏயுமன்று, பியுமன்று’ என்றே நெடுங்காலம் குறித்து வந்தனர். 1989ஆம் ஆண்டில்தான் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அக்கிருமியை அடையாளம் கண்டு உலகுக்கு அறிவித்தனர். அக்கிருமி ஒன்றே இந்நோயை உண்டாக்கப் போதுமானது என்பதைப் பின்னர்ச் சார்லஸ் ரைஸ் நிறுவினார். இம்மூவருக்கும் 2020ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு நோயின் காரணத்தைக் கண்டு, அதற்குச் சோதனையும் மருந்தும் செய்து முடித்தது ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்த அருஞ்செயலாகும்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. கிருமி உடலுக்குள் புகுந்தவுடன் பெரும்பாலோர்க்கு யாதொரு துன்பமும் தோன்றுவதில்லை. சிலருக்குச் சோர்வு, பசியின்மை, இலேசான காய்ச்சல் வந்து போகும். பத்துப் பேரில் மூவர் அளவினர்க்கு ஆறு மாதத்துக்குள் உடலே கிருமியை வெளியேற்றிவிடுகிறது. எஞ்சிய எழுவரிடத்தும் அது நிலைத்துத் தங்கிவிடுகிறது. தங்கியவரும் உண்டு, உறங்கி, உழைத்துக்கொண்டே இருப்பர். இருபது ஆண்டுக்குள், நோய் நிலைத்தவருள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர் வரை ஈரல் சுருங்கி இறுகும் நிலையை அடைகின்றனர். சிலருக்கு அது ஈரல் புற்றாகவும் முடிகிறது. வயிறு நீர் கோத்து, கண் மஞ்சளித்து, மருத்துவமனை வாயிலுக்கு வரும்போது காலம் பெரிதும் கடந்து போயிருக்கும்.

நம் நாட்டாருக்கு ஈரல் நோய் என்றவுடன் மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஏ வகை, ஈ வகைக் கிருமிகளால், அசுத்த நீரின் வழி வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணியும். தணிந்தபோது நாம் உண்ட பச்சிலைக்கு அப்பெருமை சேர்கிறது. சி வகையோ அவ்வாறு தணிவதில்லை. பலருக்குக் காமாலையே தோன்றுவதுமில்லை. ஆகவே கண் மஞ்சளிக்கவில்லை என்று அமைதியாக இருப்பதும், மஞ்சளித்தபின் கீழாநெல்லியை மட்டும் நம்பி நாளைக் கடத்துவதும் இந்நோய்க்கு இடங்கொடுப்பதாகும். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாலன்றி இதனை அறிய வேறு வழியில்லை.

இது எவ்வாறு பரவுகிறது? இரத்தத்தோடு இரத்தம் கலப்பதனால் பரவுகிறது. ஒருவரோடு அமர்ந்து உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ, தழுவுவதாலோ, இருமலாலோ, கொசுக்கடியாலோ இது பரவுவதில்லை. ஆகவே நோயுற்றவரை வீட்டில் ஒதுக்கி வைப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. நோயுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குச் சிறுபான்மை வருவதுண்டு. நம் நாட்டில் தானமாகப் பெறும் இரத்தம் அனைத்தையும் இக்கிருமிக்காகச் சோதிக்க வேண்டும் என்னும் விதி 2001ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டோர் ஒருமுறை சோதித்துக்கொள்வது நன்று. சரியாகத் தூய்மை செய்யப்படாத ஊசி, சவரக் கத்தி, பச்சை குத்தும் கருவி ஆகியவற்றாலும் இது வரக்கூடும்.

இவை எல்லாவற்றிலும் மிக எளிதான வழி ஒன்று உண்டு. போதை மருந்தை ஊசி வழி ஏற்றிக்கொள்வோர் ஒரே ஊசியைப் பலராகப் பயன்படுத்துவதே அது. ஊசி மட்டுமன்று, மருந்தைக் கரைக்கும் கரண்டி, வடிக்கும் பஞ்சு, கழுவும் நீர் ஆகிய எதிலும் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி ஒட்டியிருக்கலாம். ஊசிக் குழாயினுள் எஞ்சிய இரத்தத்தில் இக்கிருமி சில வாரங்கள் வரை உயிரோடிருக்க வல்லது என்று சோதனைச்சாலை ஆய்வுகள் காட்டியுள்ளன. புது தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் ஊசி வழி போதை ஏற்றிக்கொள்வோர் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர். இத்தொகையை வெறும் எண்ணாகக் கொள்ளலாகாது. ஒவ்வொருவரும் ஒரு தாய்க்கு மகன். பலர் குடும்பம் உடையவர்.

இனி, நம்பிக்கை தரும் செய்தியைக் கூறுவோம். சி வகை நோயைத் தடுக்கும் தடுப்பூசி இன்றளவும் இல்லை. ஆனால் அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்து இருக்கிறது. முன்பு இண்டர்பெரான் என்னும் ஊசியை மாதக்கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் துன்பம் மிகுதி, பயனோ குறைவு. 2013ஆம் ஆண்டின் இறுதியில் சொபோஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரையின் விலை ஆயிரம் டாலராக இருந்தது. 2014ஆம் ஆண்டில் இந்திய மருந்து நிறுவனங்களுக்கு அதனைச் செய்யும் உரிமம் கிடைத்தபின், விலை பன்மடங்கு இறங்கியது. சொபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் சேர்ந்த மருந்தை நாள்தோறும் விழுங்கி, 12 வாரம், அதாவது 84 நாள் முடிப்பாரானால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவினர் குணமடைகின்றனர். ஈரல் இறுகியவர்க்கு வெல்படாஸ்விர் கலந்த மருந்தும், சில நேரம் நீண்ட கால அளவும் தேவைப்படுகின்றன.

இந்திய அரசாங்கம் 2018ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தேசிய வைரஸ் ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்நாள் உலக ஈரல் அழற்சி நாளாகும். பி வகைக் கிருமியைக் கண்ட பரூக் பிளம்பர்க் பிறந்த நாளும் அதுவே. இத்திட்டத்தின் கீழ் சோதனையும் மருந்தும் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன. மருந்து உண்டு, அதற்கு விலையுமில்லை. அப்படியிருந்தும் நோய் ஏன் குறையவில்லை? உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சி வகை நோயோடு வாழ்ந்தோர் ஏறத்தாழ 55 லட்சம் என்று மதிப்பிட்டது. அவருள் பெரும்பாலோர் தமக்கு நோயிருப்பதையே அறியார். அறியாதவர்க்கு மருந்து எவ்வாறு சேரும்?

ஊசி போதையில் இருப்போரிடையே நிலைமை இன்னும் கடியது. சென்னையில் டாக்டர் சுனீதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் துணைவரும் இந்தியாவின் 15 நகரங்களில் பதினான்காயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்து, 2015ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் இக்கிருமி வந்து சென்ற அல்லது வந்து தங்கிய அடையாளம் இருந்தது. அவ்வாறு அடையாளம் கண்டவருள் அதனை முன்னரே அறிந்திருந்தோர் நூற்றுக்கு ஐந்தாறு பேரே. மருந்து உண்டவர் அவரினும் மிகக் குறைவு. அந்த ஆய்வு நடந்தது இலவசத் திட்டம் தோன்றுவதற்கு முன்னராகும். ஆயினும் அது காட்டிய உண்மை இன்றும் எண்ணத்தக்கது: மருந்து வருவதற்கு முன் சோதனை வர வேண்டும், சோதனை வருவதற்கு முன் அச்சம் நீங்க வேண்டும்.

தடைகள் யாவை என்பதை விளக்க, ஓர் இளைஞனை நம் மனத்தில் நிறுத்திக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் கட்டட வேலை செய்பவன் என்று கொள்வோம். உடல் வலிக்கு ஒருவன் தந்த ஊசியில் தொடங்கிய பழக்கம் அவனைப் பற்றிக்கொண்டது. அறையில் உடனிருப்பவர் சிலரோடு ஒரே ஊசியைப் பயன்படுத்தியிருக்கிறான். இப்போது அவனுக்குச் சோர்வு மிகுதி. எவரோ சொல்லக் கேட்டுத் தனக்கும் அந்நோய் இருக்குமோ என்று ஐயுறுகிறான். அவன் சோதனையைச் சென்றடையும் வழியை நாம் பின்தொடர்வோம்.

அவனை முதலில் மறிப்பது போலீசார் பற்றிய அச்சம். ஊசிக் குழாயோடு பிடிபட்டால் என் செய்வது என்று அஞ்சி அவன் ஒளிந்தே வாழ்கிறான். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் காவல் நிலையத்துக்குச் செய்தி போகுமோ என்று ஐயுறுகிறான். இதில் சட்டம் அவன் எண்ணுமளவு இரக்கமற்றதன்று. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்னும் பிரிவு, போதைக்கு அடிமையாகிச் சிறு அளவு தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அரசாங்கம் நடத்தும் அல்லது ஏற்றுக்கொண்ட நிலையத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெறுவாராயின், வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது அதற்குரிய நிபந்தனை. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமோ, நோய் பரவாதிருக்கத் தூய ஊசி வழங்குதல் முதலிய செயல்களைக் குற்றமாகக் கருதலாகாது என்று கூறுகிறது. இவற்றை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் எவருமில்லை.

அச்சத்தைக் கடந்து மருத்துவமனைக்கு வந்தானாயின், அங்கே நாணம் அவனைத் தடுக்கிறது. எந்தத் துறைக்குச் செல்வது என்று வினவும் வரிசையிலேயே தன் பழக்கத்தை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்பவர் முகம் சுளித்தால் அவன் திரும்பிவிடுவான். பின்னர் ஆண்டுக்கணக்கில் வாரான். அவனுக்கு மலையாளம் சந்தையில் பேசுமளவே தெரியும். உடலின் மறைவான துன்பத்தைச் சொல்ல அது போதாது. தாய்மொழியில் ஒரு சொல் கேட்டால் மனம் திறக்கும். அந்த ஒரு சொல் அங்கே அரிது.

மூன்றாவது தடை, கூலியும் காலமும். காலை வேளையில் புறநோயாளர் பிரிவுக்குச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. சோதனைக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள், மேற்சோதனைக்கு ஒரு நாள், மருத்துவரைக் காண மற்றொரு நாள் என்று நான்கு நாள் போனால், வேலையே போய்விடும். போதை மருந்து இல்லாமல் சில மணி நேரம் கழிந்தாலே உடல் நடுங்கும் நிலையில் உள்ளவன் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்பான் என்பதையும் எண்ண வேண்டும். நெடுநாள் ஊசி ஏற்றியவர்க்குக் கையின் நரம்புகள் கெட்டுப்போயிருக்கும். இரத்தம் எடுப்பவர் பலமுறை குத்தியும் கிடைக்காமல் போவதுண்டு. அவ்வலியும் அவமானமும் அவனை மீண்டும் வரவொட்டாமல் தடுக்கின்றன.

நான்காவது தடை சோதனையின் தன்மையிலேயே இருக்கிறது. இதனைச் சற்று விளக்குவோம். சி வகை நோய்க்குச் சோதனை இரண்டு படிகளாக அமைந்தது. முதற்படியில், கிருமிக்கு எதிராக நம் இரத்தம் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பர். விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தமே அதற்குப் போதும். சில நிமிடங்களில் கோடு தோன்றித் தெரிவிக்கும். ஆனால் எதிர்ப்பொருள் இருப்பது, கிருமி என்றோ வந்தது என்பதற்கு மட்டுமே சான்று. உடலே அதனை வெளியேற்றியவரிடத்தும், மருந்துண்டு குணமானவரிடத்தும் அந்த அடையாளம் நீடித்திருக்கும். இன்று கிருமி இருக்கிறதா என்பதை அறிய, அதன் உட்பொருளாகிய ஆர்.என்.ஏ.வைத் தேடும் இரண்டாம் சோதனை வேண்டும். கள்வன் வீட்டுக்குள் புகுந்த தடத்தைக் காண்பது ஒன்று. அவன் இன்னும் உள்ளேயே இருக்கிறானா என்று பார்ப்பது மற்றொன்று. தடம் கண்டவுடன் ‘நோய் உறுதி’ என்று கலங்குவதும் தவறு. இரண்டாம் சோதனைக்குச் செல்லாமல் விடுவதும் தவறு. மேலும், கிருமி புகுந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் எதிர்ப்பொருள் தோன்றாமலிருக்கக் கூடும். ஆகவே அண்மையில் ஊசி பகிர்ந்தவர் முதற்சோதனையில் தப்பினாலும் பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்விரு படிகளுக்கும் இடைப்பட்ட இடைவெளியில்தான் பலர் தொலைந்து போகின்றனர். முதற்சோதனை ஓரிடத்தில், இரண்டாம் சோதனை வேறிடத்தில், மருந்து மூன்றாமிடத்தில் என்றிருந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் சிலர் உதிர்ந்துவிடுவர். நம் இளைஞனுக்கு நிலையான முகவரி இல்லை. அவனுடைய கைப்பேசி எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். முடிவைச் சொல்ல அவனைத் தேடினால் அவன் வேறு கட்டட வேலைக்குச் சென்றிருப்பான்.

ஆகவே செய்ய வேண்டுவது யாது? நோயாளி சோதனையைத் தேடி அலைவதற்கு மாறாகச் சோதனை அவன் இருக்குமிடம் தேடிச் செல்ல வேண்டும். இதற்கு வேண்டிய அடித்தளம் கேரளத்தில் முன்னரே உண்டு. கேரள மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக் கழகம் தலைநகரில் அமைந்து செயலாற்றுகிறது. அதன் ‘ஜ்யோதிஸ்’ நிலையங்களில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் இலவசமாகவும் மறைவாகவும் நடைபெறுகின்றன. ‘சுரக்ஷா’ திட்டங்களின் பணியாளர், ஊசி போதையில் இருப்போர் உள்ளிட்டவரை நேரில் சென்று காண்கின்றனர்; தூய ஊசி தருகின்றனர். ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானோர்க்கு, நாவின் கீழ் வைக்கும் புப்ரெநார்பின் மாத்திரையை நாள்தோறும் தந்து ஊசியினின்று விடுவிக்கும் மாற்று மருந்து நிலையங்களும் உண்டு. ஒருவன் நாள்தோறும் நம்பி வரும் இடம் அது. எச்.ஐ.வி.க்காக விரலில் குத்தும் அதே துளி இரத்தத்தோடு சி வகைச் சோதனையையும் அங்கேயே செய்து, 84 நாள் மாத்திரையையும் அங்கேயே கொடுக்க இயலுமானால், நான்கு பயணங்கள் ஒன்றாகிவிடும்.

இரண்டாம் சோதனைக்கும் இப்போது எளிய வழிகள் தோன்றியுள்ளன. காசநோயைக் கண்டறிய நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் ஜீன்எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் என்னும் சிறு இயந்திரங்கள் நிறுவப்பட்டிருக்கின்றன. உரிய சோதனைப் பொருளை மாற்றி இட்டால், அவையே சி வகைக் கிருமியையும் ஓரிரு மணி நேரத்தில் காட்டவல்லன. தேநீர் அருந்தி அமர்ந்திருக்கும் நேரத்தில் முடிவு தெரியுமாயின், அவனை மீண்டும் தேட வேண்டியதில்லை. இயந்திரம் இல்லாத இடங்களில், விரலிலிருந்து சில துளி இரத்தத்தை வடிதாள் அட்டையில் உலர்த்திச் சோதனைச்சாலைக்கு அனுப்பும் முறை உண்டு. கெட்டுப்போன நரம்பைத் தேடிக் குத்த வேண்டிய துன்பம் இதனால் ஒழிகிறது. தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டில், சிறப்பு மருத்துவர் அல்லாத பொது மருத்துவரும் செவிலியரும் இம்மருந்தை வழங்கலாம் என்றும், சோதனையும் சிகிச்சையும் ஓரிடத்திலேயே அமைய வேண்டும் என்றும் அந்நிறுவனம் அறிவுறுத்தியது.

‘போதையை முதலில் விடட்டும், பிறகு மருந்து கொடுப்போம்’ என்று கூறுவோர் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் போதை விடுவது ஆண்டுக்கணக்கில் ஏறியும் இறங்கியும் செல்லும் பாதை. ஈரல் அதுவரை காத்திராது. ஊசி ஏற்றிக்கொண்டிருப்போரும் மாத்திரையை ஒழுங்காக உண்டு குணமடைகின்றனர் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. குணமானவர் மற்றவர்க்குக் கிருமியைத் தருவதில்லை. ஆகவே ஒருவரைக் குணப்படுத்துவது அவரோடு பழகும் பலரைக் காப்பதாகவும் ஆகிறது. ஒருமுறை குணமானவர்க்கும் மீண்டும் ஊசி பகிர்ந்தால் நோய் திரும்ப வரும் என்பது உண்மையே. அதற்கு மருந்து தூய ஊசியும் மறுசோதனையும் ஆகும், கதவடைப்பதன்று.

‘தூய ஊசி கொடுத்தால் போதை வளராதா?’ என்பது மற்றொரு வினா. ஊசி கொடுக்கும் திட்டம் 1984ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில், ஈரல் அழற்சி பரவுவதைத் தடுக்கவே முதன்முதல் தோன்றியது. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், இதனால் போதை பெருகியதாகத் தெரியவில்லை. நோய் குறைந்ததும், ஊசிக்கு வந்தவர் சிகிச்சைக்கும் வந்ததும் தெரிந்தன. வழி தவறியவனுக்கு ஊன்றுகோல் கொடுத்தவர் அவனை வழி தவறச் செய்தவர் ஆகார்.

சோதனை ஒருவரோடு நில்லாது என்பதற்குக் கேரளத்திலேயே சான்றுண்டு. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலப்புறம் மாவட்டத்து வளாஞ்சேரியில், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக் கழகத்தார் நடத்திய சோதனையில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவரோடு ஊசி பகிர்ந்தவரை ஒவ்வொருவராகத் தேடிச் சோதித்தபோது ஏறத்தாழப் பத்துப் பேருக்கு அந்நோய் இருப்பது வெளிப்பட்டது. அவருள் வேற்று மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளரும் இருந்தனர். அது எச்.ஐ.வி.யைப் பற்றிய செய்தி. ஊசி பகிர்வோரிடையே சி வகைக் கிருமி அதனினும் மிகுதியாகப் பரவுவது என்பதை நினைந்தால், நாம் காணாதது எவ்வளவு என்பது புலனாகும். ஒருவர் துணிந்து கை நீட்டியதால் மற்றவரும் சிகிச்சைக்கு வழி பெற்றனர் என்பதே இச்செய்தியில் நாம் கொள்ள வேண்டிய பாடம். ஆனால் அச்செய்தி பரவியபோது அச்சமும் இகழ்ச்சியும் கூடவே பரவின. இகழ்ச்சி மிகுந்தால் அடுத்தவர் சோதனைக்கு வாரார்.

பிற நாடுகளின் அனுபவமும் நமக்குத் துணை செய்யும். எகிப்து நாட்டில் நத்தையால் பரவும் ஓர் ஒட்டுண்ணி நோயைத் தீர்ப்பதற்காக அரசாங்கமே முன்னின்று நடத்திய ஊசி இயக்கத்தில், ஊசிகள் சரியாகத் தூய்மை செய்யப்படாமையால், சி வகை நோய் நாடெங்கும் பரவியது. குடிமக்கள் எவரும் குற்றம் செய்யவில்லை. ஊசி தூயதாக இல்லை, அவ்வளவே. பின்னர் அதே நாடு 2018ஆம் ஆண்டில் தொடங்கிக் கோடிக்கணக்கான மக்களை அவரவர் இருக்குமிடத்திலேயே சோதித்து மருந்தளித்தது. 2023ஆம் ஆண்டில் இந்நோயை ஒழிக்கும் பாதையில் நெடுந்தூரம் சென்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. நம் நாட்டில் பஞ்சாப் மாநிலம் 2016ஆம் ஆண்டிலேயே இலவச மருந்துத் திட்டம் தொடங்கி, தலைநகருக்கு வராமல் மாவட்ட மருத்துவமனைகளிலேயே மருந்து பெறும்படி செய்தது; மருந்து உண்டு முடித்தவருள் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர். அருகே கொண்டு சென்றால் மக்கள் வருவர் என்பதற்கு இவை போதும்.

வெளியூரில் வாழும் தமிழராகிய நாம் இதில் செய்யக் கூடியது என்ன? முதலாவதாக, நம்முடன் ஒரே அறையில் இருக்கும் இளைஞன் இப்பழக்கத்தில் வீழ்ந்திருப்பது தெரிந்தால், அவனை ஊருக்குச் செய்தி அனுப்பி அவமானப்படுத்துவதைவிட, ஒரு நாள் கூலியை விட்டு அவனோடு மருத்துவமனைக்குச் செல்வது பெரிய உதவி. மொழி தெரிந்தவர் ஒருவர் உடன் சென்றால் பாதித் தடை நீங்கும். இரண்டாவதாக, வேலைக்கு ஆள் கூட்டி வரும் மேஸ்திரிகளும் கடை முதலாளிகளும் சோதனைக்கென ஒரு நாள் விடுப்பைக் கூலியோடு கொடுக்கலாம். முடிவு என்னவென்று கேளாதிருக்கவும் வேண்டும். அது அவனுக்கும் மருத்துவருக்கும் இடைப்பட்டது. மூன்றாவதாக, ஊர்தோறும் இருக்கும் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவோடு ஓர் இரத்தப் பரிசோதனை முகாமும் நடத்துமாறு சுகாதாரத் துறையினரைக் கேட்கலாம். அனைவரும் விரல் நீட்டும் இடத்தில் ஒருவனும் நாண வேண்டியதில்லை. சோதனைக்கு வரும்படி அழைக்கும் அறிவிப்புகள் தமிழிலும் இருக்க வேண்டும் என்று வேண்டுவதும் நம் உரிமையே.

எங்கே தொடங்குவது என்று அறியாதார் எய்ட்ஸ் உதவிக்கான 1097 என்னும் எண்ணிலோ, கேரளத்தில் ‘திசா’ உதவிக்கான 1056 என்னும் எண்ணிலோ வினவலாம். போதையினின்று விடுபட விரும்புவோர்க்கு 14446 என்னும் தேசிய எண் உண்டு. அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையில், ‘ஈரல் அழற்சிக்கான இலவசச் சோதனை எங்கே?’ என்று கேட்பதே போதுமானது. பழக்கத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பதில்லை.

2030ஆம் ஆண்டுக்குள் ஈரல் அழற்சியை மக்கட்கு ஊறு செய்யாத அளவுக்கு ஒடுக்கிவிட வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு. நோயுற்றவருள் பத்தில் ஒன்பதின்மர் தம் நோயை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. அந்த ஒன்பதின்மரை எண்ணும்போது, அலுவலகத்தில் இருப்போரையும் வீட்டில் இருப்போரையும் மட்டும் எண்ணி, பாலத்தடியிலும் கட்டட நிழலிலும் இருப்போரை விட்டுவிட்டால் கணக்கு நிறையாது. நோய் தீரும், மருந்து இலவசம், சோதனைக்கு வேண்டியது ஒரு துளி இரத்தம். அத்துளியைக் கொடுக்க ஒருவன் தயங்கி வாசலில் நிற்கும்போது, ‘வா தம்பி, நானும் கூட வருகிறேன்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வொருவராக நாம் இருப்போமாக.